வீழ்ந்தவரும் விழுந்தவரும்

ஆல்ட்கோம் கிராமம்,
1920 அக்டோபர், சனிக்கிழமை.

அன்புள்ள தங்கை ஹெஸ்டருக்கு, அண்ணன் ஆம்ப்ரோஸ் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அதாவது நலம் என்றுதான் நினைக்கிறேன். முழங்கால் வேறுவிதமாகச் சொல்கிறது. உன் நலத்தையும் மாப்பிள்ளையின் இருமல் குறைந்ததா என்பதையும் அறிய ஆவல்.

போர் நினைவுக்கல் என்னவாயிற்று என்று கேட்டிருந்தாய். முறைப்படி சொல்கிறேன். என் கையெழுத்து அழகு என்பதாலும் மறுத்துப் பேச எனக்கு வராது என்பதாலும் என்னைக் குழுவின் செயலாளராக்கினார்கள். தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் மரத்தடியில் குழி தோண்டினோம், மண்வெட்டி யாரோ ஒரு பழைய போதகரின் சவப்பெட்டியில் போய்த் தட்டியது, அவரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு இடத்தை மாற்றினோம், அதற்குள் கல் வந்து வாசலில் நுழையாமல் நின்றது, வாசற்கதவைக் கழற்றினோம், கழற்றிய வழியாக ஆடுகள் நுழைந்து புதுக் கல்லறை ஒன்றின் மலர்வளையத்தைத் தின்றுவிட்டன, ஆட்டை விரட்டப் போன ஆட்கள் திரும்பி வந்து கல்லை முதுகு தெருப்பக்கம் இருக்கும்படி நட்டுவிட்டார்கள். பிடுங்கித் திரும்ப நட்டோம். அடுத்து, பெயர்களை எந்த வரிசையில் பொறிப்பது என்று சண்டை. பதவிப்படி என்றார் கர்னல் ஹாவ்டன், வயதுப்படி என்றார் போதகர். எல்லோரும் என்னிடம் படித்த பையன்கள்தானே, பள்ளியில் நான் பெயர் கூப்பிட்ட வரிசையிலேயே இருக்கட்டும் என்று மெதுவாகச் சொன்னேன். வேறு யாரோ சொன்னதாக நினைத்து ஒப்புக்கொண்டார்கள்.

இதெல்லாம் போகட்டும். கெசியா ஸ்டோக் அம்மாளின் மகன் ஏனோக்கை உனக்கு நினைவிருக்கும். பட்டாளத்தில் குதிரை லாயத்தில் வேலை செய்தான். கடல் தாண்டிப் போகும் முன்பே முகாமில் வைக்கோல் பரணிலிருந்து விழுந்து இறந்துபோனான். அவன் பெயரைப் பொறிக்கலாமா என்ற கேள்வி வந்தபோது, அந்த அம்மாளே எங்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

கர்னல் சொன்னார்: "கல்லுல ‘போரில் வீழ்ந்தோர்’னு போடுறோம். அந்தப் பையன் வீழல. விழுந்தான்."

"ரெண்டுக்கும் என்னங்கய்யா வித்தியாசம்?" என்று கேட்டார் கெசியா அம்மாள்.

"வாத்தியாரைக் கேளு. அவர்தானே படிச்சவர்."

நானும் சொன்னேன், ஹெஸ்டர். முன்னது மாண்பு கருதி வரும் சொல், பின்னது வெறும் செயலைக் குறிப்பது என்று இலக்கணம் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை என்ன சொல்கிறேன் என்றே எனக்கு உறைக்கவில்லை.

"அப்போ என் மவன் எடம் பாத்து விழல, அவ்வளவுதானே வாத்தியாரய்யா? ராஜா கூப்புட்டாருன்னுதான் அந்தப் பரண்ல ஏறினான். எங்க வீட்டுல பரணே கெடையாதுங்க."

எல்லோருக்கும் ஊற்றிவிட்டுத்தான் போனார். கர்னலுக்கு மட்டும் சர்க்கரை போடவில்லை. அவரும் கேட்கவில்லை. அவர் மகனின் பெயரும் அந்தக் கல்லில் வரப்போகிறது. அதனால் அவரோடு வாதாட யாருக்கும் மனம் வராது. எனக்கு வாயும் வராது.

நாளை ஆராதனை முடிந்ததும், கல்யாண அறிவிப்பு வாசித்து ஆட்சேபணை உண்டா என்று கேட்பதுபோல, நான் பெயர்களைச் சபை முன் வாசிக்க வேண்டும். ஆட்சேபணை இல்லாமல் போனால் வாசித்தபடியே கல்லில் ஏறும் என்பது கர்னலே கொண்டுவந்த தீர்மானம். வாசிக்கப்போவதில் ஏனோக் இல்லை. குழுவின் முடிவுக்குச் செயலாளர் கட்டுப்பட வேண்டும், அதுதான் முறை. ஆகவே இது முடிந்த விஷயம். இதைப் பற்றி எனக்கு அறிவுரை ஏதும் எழுதாதே. நீ எழுதக்கூடியதை எல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டாயிற்று.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசி. உங்கள் வீட்டில் எல்லோரும் கம்பளி போட்டுக்கொண்டு, ஆண்டவர் துணையோடு இந்தக் குளிரைக் கடப்பீர்களாக.

உன் அண்ணன்,
ஆம்ப்ரோஸ் டில்லட்

பி.கு.: ஞாயிறு மாலை. கடிதத்தைத் தபாலில் போடும் முன் இதையும் எழுதிவிடுகிறேன். மேலே சொன்ன எதையும் கணக்கில் கொள்ளாதே. இன்று வாசிக்கும்போது சைலஸ் ரஜ் பெயர் வந்தது. அடுத்தது ஜாப் டேனர் என்றுதான் தாளில் இருந்தது. ஆனால் பள்ளியில் அந்த இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தவன் ஏனோக். இத்தனை வருடம் பெயர் கூப்பிட்ட நாக்கு, தாளைப் பார்க்காமல் அவனையும் கூப்பிட்டுவிட்டது. கர்னலின் இருக்கை கிரீச்சிட்டது. மற்ற பெயர்களை எப்படி வாசித்தேன் என்று தெரியவில்லை. கடைசியில், ஆட்சேபணை உண்டா என்று கேட்டேன், கேட்பதுதான் முறை. கர்னல் எழ முயன்றார். அதற்குள் பின்வரிசையிலிருந்து கெசியா அம்மாள் எழுந்து நின்றார்.

"எனக்கு இருக்குங்க. ரஜ்ஜுக்கு அப்புறம் ஒரு பேரு முணுமுணுன்னு வந்துச்சு, பின்னாடி சரியாக் கேக்கல. இன்னொரு தரம் சத்தமா வாசிங்க."

சபை முழுவதும் என்னைப் பார்த்தது. கர்னலும் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். முதல் தடவையை நாக்குப் பிசகு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். இரண்டாம் தடவைக்கு என்ன காரணம் சொல்வது என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை, ஹெஸ்டர். வாசித்துவிட்டேன்.