வெந்நீர்த் துளைப் பரணி

ஆயிரம் யானைகளை வீழ்த்திய மறவருக்கே பரணி பாட வேண்டும் என்று விதித்த முன்னோர், அமெரிக்காவின் வடகோடி டுலூத் நகரத்துப் பிப்ரவரிப் பனியில், மூட்டுவாதம் பிடித்த விரல்களோடு கோட்டுப் பொத்தான் போட்டுப் பார்த்தவர்கள் அல்லர். பார்த்திருந்தால் யானைகளை ஓரமாக நிற்கச் சொல்லியிருப்பார்கள். ஆகவே, உறைபனிக்கு அஞ்சா ஒண்சுடரே, தபால் நிலையத்தில் முப்பதாண்டு முத்திரை குத்திய முழங்கைத் தலைவியே, மார்லிஸ் டாலஃப்சன் பெருமாட்டியே, வாழி! நின் விரற்கணுக்கள் வாழி!

பெருமாட்டிக்கு ஒரு சபதம் உண்டு. அரிசோனாவின் வெயிலுக்கு வந்துவிடும்படி மகன் தொலைபேசியில் நச்சரித்தபோது, "பொத்தான் போடாத கோட்டோட நான் இந்தக் கட்டிடத்து வாசலைத் தாண்டுற அன்னிக்கு வரேன். அதுவரைக்கும் என்னைச் சும்மா விடு" என்று முழங்கிவிட்டார். அன்று முதல் அந்தக் கோட்டின் ஐந்து பொத்தான்களே அவருடைய ஐந்து கோட்டைகள்.

அன்றைய வைகறையில் அவர் படைக்கலம் பூண்ட திறம் சொல்லி மாளாது. மீனெண்ணெய் மாத்திரை முன்னே செல்ல, மஞ்சள் கலந்த பால் பின்னே செல்ல, இனிப்பையும் பன்றி வறுவலையும் நாடுகடத்திய வயிற்றில் ஓட்ஸ் கஞ்சி பாசறை அமைத்தது. இறுதியாக, அலமாரியின் ஆழத்தில், தேவாலயத்துத் தோழியர் எவரும் அறியாவண்ணம் ஜின்னில் ஊறிக் கிடந்த உலர்திராட்சை ஒரு கரண்டி. மதுவை மனத்தாலும் தீண்டாத பெருமாட்டி அதை மருந்தென்றே உண்டார். கொஞ்சம் நிதானமாகவே மென்று உண்டார்.

இத்தனைக்கும் மசியாத அவ்விரல்கள் மசியும் இடம் வையத்தில் ஒன்றே ஒன்று. குடியிருப்பின் அடித்தளத்து நீச்சல் குளத்தில், ஏணிக்குக் கீழே, வெந்நீர் பீறிட்டு வரும் கையகலத் துளை அது. முதியோருக்கான நீர்ப்பயிற்சி முடியும்வரை அங்கே கையை நீட்டி நின்றால்தான் பொத்தான் வசப்படும். அந்தோ, அன்று அத்துளையின் முன்னே மலையென நின்றிருந்தார் டெல்பர்ட் காங்கஸ். சுரங்க ஊரிலிருந்து போன வாரம் குடிவந்தவர். மணிக்கட்டு இரண்டிலும் வாதம் உடையவர்.

"நீங்க வந்து நில்லுங்க. எனக்குப் பரவாயில்லை" என்றார் டெல்பர்ட்.

அவ்வூரில் குடியேறிய நார்வே மரபினரின் அறம் யாதெனில், கேக்குத் துண்டாயினும் அரியணையாயினும், நீட்டியதை இருமுறை மறுத்து மூன்றாம் முறை ஏற்பதே மானம். ஆகவே பெருமாட்டி, "சேச்சே, நீங்களே நில்லுங்க. எனக்கு எங்க நின்னாலும் ஒண்ணுதான்" என்றார்.

"நிஜமாத்தான் சொல்றேன், வாங்க."

"வேணாங்க. பாவம், இப்பதான் சூடு பிடிச்சு நிக்கறீங்க."

இரண்டு மறுப்பும் முறைப்படி நிறைவேறின. மூன்றாம் அழைப்பை எதிர்நோக்கிப் பெருமாட்டி ஒரு காலை எடுத்தே வைத்துவிட்டார்.

"அப்ப சரி" என்றார் டெல்பர்ட். இரண்டு கையையும் துளைக்குள் விட்டுக்கொண்டார்.

திசைகள் அதிர்ந்தன. குளோரின் கமழும் அந்தப் பெருங்கடலின் நடுவே, பயிற்சி ஆசிரியை பக்கவாட்டில் நடக்கச் சொன்னபோதெல்லாம் பெருமாட்டி பகைவனின் பக்கவாட்டிலேயே நடந்தார், அலை எழுப்பினார், முழங்கையால் நீரைச் சாடினார். பகைவன் அசையவில்லை. கடைசியில் தம் கொடிய அம்பை எய்தார்.

"இன்னிக்குத் தண்ணி சில்லுனு இருக்கில்ல?"

"இங்க இல்லையே" என்றார் டெல்பர்ட்.

போர் முடிந்தது. உடைமாற்றி, கோட்டை மாட்டி, கட்டிடத்து வாசலில் நின்றார் பெருமாட்டி. கண்ணாடிக்கு அப்பால் பனி கொட்டியது. முதற்பொத்தானை விரல்கள் பற்றின, அது வழுக்கிற்று. மீண்டும் பற்றின, மீண்டும் வழுக்கிற்று. அரிசோனா கண்முன் வந்து நின்றது. கள்ளிச்செடியும், மருமகளின் விருந்தினர் அறையும், ஜின் வைக்க இடமில்லாத அலமாரியும் தெரிந்தன. பெருமாட்டிக்கு அழுகை முட்டியது.

பின்னால் டெல்பர்ட் வந்து நின்றார்.

"நான் போட்டு விடட்டுமா?"

கடல் கடந்து வந்த நார்வே மூதாதையர் அனைவரும் கல்லறையில் எழுந்து உட்கார்ந்து, எங்கே முதல் மறுப்பு, எங்கே இரண்டாம் மறுப்பு என்று செவி சாய்த்துக் காத்திருக்க, பொத்தானை யார் போட வேண்டும் என்று தம் சபதத்தில் ஒரு சொல்லும் இல்லை என்பதை எண்ணிப் பார்த்த பெருமாட்டி, வாழ்நாளில் முதன்முறையாக, முதல் அழைப்பிலேயே, "சரி" என்றார்.

வெந்நீரில் ஊறி இளகிய டெல்பர்ட்டின் விரல்கள் ஐந்து கோட்டைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அடைத்தன.

மார்லிஸ் உலர்திராட்சை வாங்கக் கடைக்குப் போனார்.