கிணற்று ஆமைக்கு நாடி பார்த்தேன்

வைத்தியம் தெரியாதவன்கூடப் பரவாயில்லை; பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லா வைத்தியமும் தெரிந்த மாதிரி நடிப்பவன்தான் ஆபத்தானவன். எழுபதுகளின் கடைசியில், திருச்செங்கோட்டுப் பக்கம் கால்நடை டாக்டராகச் சேர்ந்த புதிதில், நான் அப்படி ஓர் ஆபத்தாக இருந்தேன்.

பெண்ணின் பெயர் சரசு. அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் ஓர் ஆமை உண்டு. தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்று எங்கள் பக்கம் கிணற்றில் ஆமை விடுவார்கள். (அதே ஆமை வீட்டுக்குள் புகுந்துவிட்டால் குடும்பம் உருப்படாது என்பார்கள். கிணற்றில் இருந்தால் காவல், வாசலைத் தாண்டினால் சனியன்.) நானும் அம்மாவும் பெண் பார்க்கப் போன அன்று காலையில்தான், தூர் வாரியபோது கடப்பாரை பட்டு ஆமையின் ஓடு விரிசல் விட்டிருந்தது.

"டாக்டரு தம்பி, ஒரு எட்டு வந்து பாருங்க சாமி. எங்கய்யன் காலத்து ஆமைங்க," என்றார் பெண்ணின் அப்பா.

கல்லூரியில் ஆமையைப் பற்றி நடத்தியதே ஒரு வகுப்பு. அந்த நேரத்தில் நான் கேன்டீனில் இருந்தேன். ஆனால் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு தாவணி அசைந்ததே! தெரியாது என்று சொல்ல வாய் வருமா? பந்தாவுக்குக் கொண்டுபோயிருந்த மருந்துப் பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்து ஆமையின் முதுகில் வைத்தேன். சத்தமில்லை. புரட்டிப் போட்டு வயிற்றில் வைத்தேன். அங்கேயும் சத்தமில்லை. (அத்தனை கெட்டியான ஓட்டுக்கு மேல் வைத்தால் எந்தக் கொம்பனுக்கும் கேட்காது.) கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, சினிமா டாக்டர் மாதிரி தலையை ஆட்டினேன்.

"போயிருச்சுங்க. உள்காயம்."

அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாயங்காலம் தென்னை மரத்தடியில் புதைப்பதாகச் சொல்லி, ஆமையை வாசலில் ஒரு சாக்கின் மேல் கிடத்தினார்கள். நான் உள்ளே போய், துக்கத்துக்கு மரியாதையாக பலகாரத் தட்டிலிருந்து ஒரே ஒரு கச்சாயம் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

சரசு காபி கொண்டுவந்தாள். குனிந்தவள் என்னைப் பார்க்கவில்லை, வாசற்படியைப் பார்த்தாள்.

"அப்பா, டாக்டரு சொன்ன பொணம் நடந்து வருதுங்க."

வெயில் ஏறி, கிணற்றுக் குளிர் விட்டதும் ஆமைக்குத் தெம்பு வந்துவிட்டது. நிழல் தேடிப் படியைத் தாண்டி, நேராக என் காலடிக்கு வந்து தலையை நீட்டியது.

"ஐயோ, ஊடு போச்சே!" என்று பெண்ணின் அத்தை மாரில் அடித்துக்கொண்டார். அம்மா, இவனை ஏன் பெற்றோம் என்கிற முகத்தோடு சுவரைப் பார்த்தார். சரசுதான் ஆமையைக் கிணற்றடிக்குத் தூக்கிப் போனாள். பின்னாலேயே ஓடிப்போய், விரிசலுக்கு டிஞ்சர் தடவிக் கட்டுப் போட்டேன். அவள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள்.

எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. சம்பந்தமோ முறிந்தே போயிற்று என்று பஸ்ஸில் அழாத குறையாக ஊர் திரும்பினேன்.

ஆனால் ஆமை புகுந்த சேதி ஊரெல்லாம் பரவி, சரசுவைக் கேட்டிருந்த மற்ற இடங்கள் எல்லாம் பின்வாங்கிவிட்டன. அவள் அப்பா எங்கள் வீட்டுக்கே வந்தார்.

"ஆமை பூந்த ஊட்டுல இனி எவனுங்க பொண்ணெடுப்பான்? செத்துப்போச்சுன்னு சொல்லி உள்ள உட்ட தம்பியே கட்டிக்கட்டும்!"

கட்டிக்கொண்டேன். ஆமையும் பிழைத்துக் கிணற்றுக்குத் திரும்பியது. இன்றைக்கும் மத்தியானம் நான் கண் அயர்ந்தால், சரசு பேரப்பிள்ளைகளிடம் சொல்வாள்:

"தாத்தா தூங்கறாரு, சத்தம் போடாதீங்க சாமி. செத்துட்டேன்னு அவரே சொன்னாலும் நம்பாதீங்க. கொஞ்ச நேரம் வெயில்ல போட்டுப் பாருங்க."