உயரம்தான் முதலில்

முதல் கட்டத்தில் அகலத்தைப் போடு என்றது கம்ப்யூட்டர் திரை. அக்கா உயரத்தைப் போட்டாள்.

"அக்கா, அது அகலம்," என்றான் பின்னால் நின்ற தம்பி.

"தெரியும். எனக்கும் கண்ணு இருக்கு."

"அப்புறம் ஏன் உயரத்தைப் போடுறே?"

"பதினோரு வருஷமா உயரத்தைத்தான் முதல்ல எழுதுறேன். ஒரு ஆளைப் பாத்தா முதல்ல உயரத்தைப் பாப்பியா, அகலத்தைப் பாப்பியா?"

தம்பி தன் வயிற்றை ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டு, அப்பால் போனான்.

ஜன்னல்களுக்குக் கொசுவலை செய்து மாட்டுகிற கம்பெனி அது. தம்பி முதலாளி. மாடியில் ஆர்டர் மேஜை அக்காவுடையது. போனில் அளவு கேட்பாள். துண்டுச் சீட்டில் இரண்டு எண், நடுவில் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான் எழுதுவாள். சீட்டைக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றில் கீழே இறக்கினால் பட்டறையில் கட்டிங் மாஸ்டர் பிடித்துக்கொள்வார். அலுமினியத்தை அறுத்து, சட்டம் சேர்த்து, வலையை இழுத்துக் கட்டி, மேல் பக்கத்தில் தொங்கவிட இரண்டு கொக்கி வைப்பார். ஃபிட்டர் வேனில் ஏற்றிக்கொண்டு போய் மாட்டிவிட்டு வருவார். பதினோரு வருடத்தில் ஒரு புகார் வந்ததில்லை. மற்றவர்கள் பெயரையும் படிப்பையும் சொல்லிக்கொள்கிற இடத்தில் அக்கா இதைத்தான் சொல்லிக்கொள்வாள்.

இரண்டு மாதத்துக்கு முன் கம்பெனி வளர்ந்துவிட்டது என்று தம்பிக்குத் தோன்றியது. வேனை நிறுத்த இடம் போதவில்லை, அதுதான் ஆதாரம். வளர்ந்த கம்பெனிக்கு ஒரு தொழில்நுட்பத் தலைவர் வேண்டும் என்று யாரோ அவன் காதில் ஓதியிருந்தார்கள்.

"முழுநேரத் தலைவரை வெச்சுக்க நமக்குக் கட்டுப்படியாகாதுக்கா. அதனால வெளியில இருந்து ஒருத்தர். நாலு கம்பெனிக்கு ஒரே ஆள். நமக்குக் கால்வாசி."

"கால்வாசித் தலையா? எந்தக் கால்வாசிடா? மூளை இருக்கற பக்கமா?"

அன்றிலிருந்து அவர் பெயர் கால்வாசி. திங்களும் வியாழனும் காலையில் வருவார். மற்ற நேரத்தில் ஒரு பிஸ்கட் கம்பெனிக்கும், தண்ணீர் மோட்டார் கம்பெனிக்கும், பல் செட் செய்கிற இடத்துக்கும் தலையாக இருந்தார். முதல் கூட்டத்தில் பத்து நிமிடம், மொறுமொறுப்புக் குறையாமல் வாடிக்கையாளரிடம் கொண்டுசேர்ப்பது பற்றிப் பேசினார். யாரும் மறுக்கவில்லை. தம்பி குறிப்பெடுத்துக்கொண்டான்.

கால்வாசியின் முதல் அறிக்கை ஃபிட்டர் மேல் பாய்ந்தது.

"ஒரு ஜன்னலுக்குப் பத்து நிமிஷம் எடுக்கறார். மூணு நிமிஷம் போதும். ஸ்க்ரூ வேற ரெண்டு மடங்கு செலவு."

காதில் ஸ்க்ரூடிரைவரைச் செருகிக்கொண்டு நின்ற ஃபிட்டர், "சரிங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் ஒரு நாளைக்குப் பேசுகிற மொத்தப் பேச்சில் அது பாதி.

"அந்த ஆளு ஸ்க்ரூவைத் திங்கறாரோன்னு நானே மாசாமாசம் திட்டறேன்," என்றாள் அக்கா. "அது எங்களுக்குள்ள. நீங்க சொல்லாதீங்க."

இரண்டாவது அறிக்கை அக்கா மேல். ஆர்டர் மேஜை வேண்டாம், வாடிக்கையாளர்களே அளவைத் திரையில் போட்டுக்கொள்வார்கள். ஒரு மாணவர் விடுதியின் நாற்பது ஜன்னல்கள்தான் சோதனை; இந்த ஒரு தடவை மட்டும் அளவைப் போடுவது அக்கா. அந்த ஆர்டர் திரை வழியாகப் பழுதில்லாமல் போய்விட்டால் வெள்ளிக்கிழமை தம்பி கையெழுத்துப் போடுவான். மேஜை கிடங்குக்குப் போகும். அக்கா ஆலோசகர் ஆவாள்.

"ஆலோசகர்னா என்ன பண்ணணும்?"

"வீட்ல இருக்கலாம்," என்றார் கால்வாசி, நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு.

"நான் எழுந்திருக்க மாட்டேன். வேணும்னா நாற்காலியோட சேத்துத் தூக்குங்க. நாலு பேரா வாங்க."

அந்த நாற்பது ஜன்னலுக்குத்தான் இப்போது அளவைப் போட்டுக்கொண்டிருந்தாள். நாலடி உயரம், மூன்றடி அகலம். அகலம் கேட்ட கட்டத்தில் நாலு, உயரம் கேட்ட கட்டத்தில் மூன்று. நாற்பது தடவையும் மனப்பூர்வமாகப் போட்டாள்.

வீறாப்பு சாயங்காலம் வரை தாங்கியது. நீளப் பக்கத்தில் கொக்கி வைத்து நாற்பது வலையும் படுத்துக்கொண்டு போய் நின்றால், வேண்டுமென்றே செய்தாள் என்பார்கள். நாற்காலி போய்விடும். திரையில் போய்த் திருத்தினாலோ, கால்வாசி சொன்னது சரி என்று ஆகிவிடும். அதற்கு நாற்காலியே போகலாம். கீழே போன் போட்டாள்.

"மாஸ்டர், விடுதி ஆர்டர்ல இருக்கறதை அப்படியே திருப்பிப் போட்டுடுங்க. யாருக்கும் தெரிய வேணாம்."

"சரிக்கா. எனக்கு ரெண்டு நம்பர் வந்தா போதும்."

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வேன் கிளம்பியது. நாலு மணிக்கு விடுதிக் கண்காணிப்பாளர் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. கையெழுத்து நாள் என்பதால் கால்வாசி, பிஸ்கட்டுக்கு உரிய நேரத்தில் பாதியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்திருந்தார். பதினோரு மணிக்கு மாஸ்டர் டீ குடிக்க மாடியேறி வந்தார்.

"கடைசில எது சரின்னு எனக்கு யாருமே சொல்லலையே," என்றார் டம்ளரை ஊதிக்கொண்டு.

"என்ன சரி?" என்றான் தம்பி.

"அக்கா திருப்பச் சொன்னாங்க. திருப்பினேன். அப்புறம் நீங்க வந்து திருப்பச் சொன்னீங்க. திருப்பினதைத் திருப்பினேன்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி சுவரைப் பார்த்தான். "உனக்குச் சங்கடமா இருக்கக் கூடாதேன்னுதான்..."

கால்வாசி தொண்டையைச் செருமினார். "நான் வியாழக்கிழமையே கவனிச்சுட்டேன். நாற்பதையும் திரையில மாத்திட்டேன்."

"சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" என்றாள் அக்கா.

"படிவத்துல தப்பாப் போட வாய்ப்பு இருக்குன்னு ஆயிடுமே."

அக்கா விரலை மடக்கினாள். நான் ஒரு தடவை, இவர் ஒரு தடவை, நீ ஒரு தடவை. மூன்று. முகம் மலர்ந்தது. "மூணு தடவை திருப்பினா நேராயிடுச்சுடா! பிழைச்சோம்!"

"நாலுக்கா," என்றார் மாஸ்டர். "ஆளாளுக்குத் திருப்பும்போது நான் மட்டும் சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்? என் பங்குக்கும் ஒண்ணு திருப்பிட்டேன்."

நாலு பேர் திருப்பி, வலை அக்கா போட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தது. நாற்பதும் படுத்த வாக்கில்.

தம்பி ஃபிட்டருக்குப் போன் போட்டான். ஏணியில் நிற்கும்போது ஃபிட்டர் போனை எடுப்பதில்லை. மறுபடி போட்டான். ஏணியும் மறுபடி அங்கேயே இருந்தது.

"பதறாதீங்க," என்றார் கால்வாசி. "என் செயலியில 'நிறுத்து'ன்னு ஒரு பொத்தான் இருக்கு. வேலையையும் நிறுத்தும், வாடிக்கையாளருக்கு மரியாதையா ஒரு செய்தியும் அனுப்பும்."

அழுத்தினார். ஃபிட்டரிடமிருந்து பதில் இல்லை. விடுதிக் கண்காணிப்பாளரிடமிருந்து உடனே போன் வந்தது. தம்பி அதை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான்.

"என்னங்க இது? உங்க பிஸ்கட் வரத் தாமதமாகும், மன்னிக்கவும்னு வந்திருக்கு. நாங்க பிஸ்கட்டே கேக்கலையே?"

கால்வாசி மெதுவாகச் செயலியை மூடினார். பிஸ்கட் கம்பெனிக்குச் செய்ததையே சாயம் மாற்றிக் கொடுத்திருந்தார்.

"அது வந்து, சார்..." தம்பிக்கு நாக்குப் புரண்டது. "வலையோட கூடக் குடுக்கறது. அன்பளிப்பு. ஜன்னலுக்கு ஒரு பாக்கெட்."

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்! நாலு மணிக்குப் பசங்களையும் வரச் சொல்லிடறேன்."

போன் வைக்கப்பட்டது. இப்போது அவர்களிடம் தொங்காத நாற்பது வலையும், வராத நாற்பது பிஸ்கட் பாக்கெட்டும், வேடிக்கை பார்க்க ஒரு விடுதியும் இருந்தன.

"நாற்பது பாக்கெட் நான் ஏற்பாடு பண்ணித் தரேன்," என்றார் கால்வாசி தரையைப் பார்த்து. அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து உருப்படியாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

தம்பி கையெழுத்துத் தாளை மேஜை மேல் வைத்தான். முகம் சுண்டிப்போயிருந்தது.

"அக்கா, எல்லாம் உன் பிடிவாதத்துல வந்தது. சார்கிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுடு. நான் இதுல கையெழுத்துப் போட்டுடறேன். மரியாதையா முடிச்சுக்கலாம்."

"மன்னிப்பா? எதுக்கு?" அக்கா நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "தப்பாப் போட்டேன். ஆமா. வேணும்னே போட்டேன். அதுக்கு நீ திட்டு, வாங்கிக்கறேன். ஆனா, ரெண்டு நம்பரை வெச்சுக்கிட்டு பதினோரு வருஷம் இந்தக் கம்பெனியை ஓட்டினவ நான். ஒரு புகார் வந்திருக்கா? ஒண்ணு காட்டு, இப்பவே எழுந்து போறேன். இவர் வந்து ரெண்டு மாசத்துல வலைக் கம்பெனி பிஸ்கட் விக்குது. மன்னிப்பை யார் யார்கிட்ட கேக்கணும்னு நீயே சொல்லு."

மாஸ்டர் காலி டம்ளரை இன்னும் ஊதிக்கொண்டிருந்தார்.

பிஸ்கட்டோடு கால்வாசியின் ஆள் விடுதிக்கு ஓடினான். மற்ற நாலு பேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து மணிக்கு இரும்புப் படிகளில் ஃபிட்டரின் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு தாளை மேஜை மேல் வைத்தார். தம்பி எடுத்து வாசித்தான்.

"நாற்பது வலைகளும் கச்சிதமாகப் பொருந்தியுள்ளன. வேலை மிக நன்று. பிஸ்கட்டும் நன்று. கண்காணிப்பாளர்."

இரண்டு தடவை வாசித்தான்.

"பொருந்திடுச்சா? நாற்பதும்?"

ஃபிட்டர் தலையாட்டினார்.

"பாத்தியா!" அக்கா மேஜையைத் தட்டிய தட்டில் பேனா உருண்டு விழுந்தது. "நாலு பேர் நாலு தடவை திருப்பி, கடைசில நான் போட்ட மாதிரியே போயிருக்கு. போய் ஒழுங்கா நின்னிருக்கு. அப்போ எது சரி?"

கால்வாசி எழுந்து நின்றார். தோற்றாலும் கூட்டத்தை முடித்துவைக்கத் தெரிந்த மனிதர். "தரவு பொய் சொல்லாது. அக்கா முறைதான் சரி. உயரம்தான் முதல்ல. படிவத்தை மாத்திடறேன். இந்த ஒரு இடத்துல மட்டும் இல்ல, என் நாலு கம்பெனியிலயும்."

"பல் செட்டுக்குமா?" என்றார் மாஸ்டர்.

தம்பி தாளைக் குறுக்காகக் கிழித்தான். அப்புறம் நெடுக்காகவும் கிழித்தான். "நீ எங்கயும் போக வேணாம்க்கா. மன்னிச்சுடு."

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள் அக்கா. சாய்ந்து உட்கார்ந்து, பதினோரு வருடத்தில் முதல் தடவையாகக் கால் மேல் கால் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் ஃபிட்டர் இன்னும் போகாமல் கையை நீட்டிக்கொண்டு நிற்பதைக் கவனித்தாள்.

"என்ன?"

"ஸ்க்ரூ தீந்துடுச்சுக்கா. ஒரு எம்பது வேணும்."

"மறுபடியுமா? கொக்கியெல்லாம் மாஸ்டரே இங்க வெச்சுத்தானே அனுப்பறாரு? உனக்கு எதுக்கு எம்பது?"

ஃபிட்டர் காதிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து, சட்டையில் துடைத்து, மறுபடி செருகிக்கொண்டார்.

"பதினோரு வருஷமா எல்லா வலையும் படுத்துக்கிட்டுத்தானே வருது, நான்தானே கொக்கியைக் கழட்டி நிமிர்த்தி மாட்டிட்டு வரேன்?"