இழப்பில்லாத மின்மாற்றி

விடியற்காலை நாலரை மணிக்கு மருத்துவமனையின் மருந்துக் குளிர்பெட்டி அணைந்தது. மின்மாற்றி அணையவில்லை. உழைப்பைப் பற்றி மனித குலம் இதுவரை எழுதியதையெல்லாம் அந்த மின்மாற்றியின் முன் கிழித்துப் போடலாம்.

அது இரும்பு வேலிக்குள், கல் மேடையில், சாம்பல் நிறத்தில் நின்றது. எதிரே சோலார் பலகைகள், பக்கத்தில் பேட்டரி அறை. வெளியிலிருந்து அந்த ஊருக்கு மின்கம்பி எதுவும் வருவதில்லை. பகலில் சேர்ந்ததுதான் இரவுக்கு. ஊரில் இருந்தவை சில வீடுகளின் விளக்குகள், ஒரு தண்ணீர்ப் பம்பு, ஒரு சிறிய மருத்துவமனை. மின்மாற்றியோ ஒரு நகரத்தைத் தாங்கும். நாளைக்கு ஊர் வளரும் என்று சொல்லித்தான் மின் நிலையத்தின் இயக்குநர் அதை வாங்கினார். ஊர் வளரவில்லை. மின்மாற்றி மனம் தளரவில்லை. ஒரு விளக்கும் எரியாத நேரத்திலும், தன்னைத் தயார் நிலையில் வைத்துக்கொள்வதற்காக அது பேட்டரியைக் குடித்துக்கொண்டே ரீங்காரமிட்டது. பேட்டரி இறங்கினால் முதலில் துண்டிக்கப்படுவது ஊருக்குப் போகும் கம்பி. கடைசித் துளி மின்மாற்றிக்கு.

இயக்குநருக்கு அந்த ரீங்காரம் உயிர். வருகிறவர்களை வேலியருகே நிறுத்தி, பேசாமல் கேட்கச் சொல்வார். இரண்டொருவர் கண்ணை மூடிக்கொண்டதும் உண்டு.

மருத்துவமனை நர்ஸ் அவருடைய சொந்தத் தங்கை. அவளுக்கு ரசனை போதாது. தினமும் விடிவதற்குள் குளிர்பெட்டி அணைந்து தடுப்பு மருந்து கெட்டுப்போகிறது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்து வருகிற தாய்மார்களை ஊசி போடாமல் திருப்பி அனுப்புகிறேன் என்று மின் நிலைய நிர்வாகக் குழுவின் முன்னால் வந்து நின்றாள்.

"அது சும்மா நிக்குறதுக்கே பாதி கரண்டு போவுதுண்ணா. சின்னதா ஒண்ணு வச்சா போதாதா?"

"வைக்கலாம். இவ்வளவு பெரிய திறப்பு விழாக் கல்லை அப்புறம் எங்க வைக்கிறது?" என்றார் இயக்குநர்.

குழு இதன் ஆழத்தை உணர்ந்து தலையாட்டியது. மின்மாற்றியைத் தொட்டுப் பார்த்தால் சுடுகிறதே என்றாள் தங்கை. சூடு இருந்தால் உயிர் இருக்கிறது என்று பொருள் என்று அதை நிறுவிய ஒப்பந்தக்காரர் விளக்கினார்.

பிறகு 'அறிவியல்' பேசப்பட்டது. மீட்டரை முதலில் மின்மாற்றிக்கு முன்னால், பேட்டரிப் பக்கம்தான் வைத்திருந்தார்கள். இரவெல்லாம் எண் ஓடியது. பார்க்க நன்றாக இல்லை. இயக்குநர் அதைக் கழற்றி மின்மாற்றிக்குப் பின்னால், ஊருக்குப் போகும் கம்பியில் மாட்டச் சொன்னார். இழப்பு அன்றே ஒழிந்தது. உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் ஆண்டுக்கணக்கில் போராடுகிற காரியத்தை அவர் ஒரு ஸ்பேனரில் முடித்தார்.

இப்போது மீட்டரின்படி, ஊர் தூங்கிய பிறகு மின்சாரம் தின்பது குளிர்பெட்டி ஒன்றுதான். எனவே மாலை முதல் காலை வரை அதை அணைத்து வைப்பது என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது.

"அப்ப மருந்து?"

"மீட்டர்ல ராத்திரி பூஜ்யம்தாம்மா வரும்," என்றார் குழுவின் கணக்கர் கனிவாக. "பூஜ்யத்துல என்ன கெடப் போவுது?"

மின்சாரத்தின் பெயரைச் சொல்லி இனி எந்த மருந்தும் கெட்டதாகக் கருதப்படக் கூடாது என்று அடுத்த தீர்மானம் போட்டார்கள். தங்கை அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் ஜன்னல் வழியாக மின்மாற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'இழப்பில்லா மின்மாற்றி' ஓராண்டை நிறைவு செய்தபோது புகைப்படக்காரர் வரவழைக்கப்பட்டார். சோலார் மின்சாரத்தில் காத்த மருந்தை ஒரு குழந்தைக்குப் போடுகிற படம் வேண்டும் என்றார் இயக்குநர். ஊர்த் தாய்மார்கள் ஒருவரும் வரவில்லை. பெருந்தன்மை இயக்குநருக்குப் புதிதல்ல. தன் கைக்குழந்தையையே தூக்கி வந்து மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அத்தையப் பாரு, அத்தையப் பாரு," என்று குழந்தைக்குக் காட்டினார்.

தங்கை குளிர்பெட்டியைத் திறந்தாள். குளிர்ந்த காற்று வரவில்லை. உள்ளிருந்து ஒரு குப்பியை எடுத்து அண்ணன் உள்ளங்கையில் வைத்தாள். அது வெதுவெதுப்பாக இருந்தது. அவர் அதை விரல்களுக்கிடையில் உருட்டினார். மறு கை, தானாகவே, குழந்தையின் தொடையை மூடிக்கொண்டது.

வெளியே ரீங்காரம் கேட்டது. புகைப்படக்காரர் ஒரு கண்ணை மூடிக் காத்திருந்தார். தங்கை குப்பியைத் திரும்ப வாங்கி, ஊசியின் உறையைக் கழற்றினாள்.

"மீட்டர்படி மருந்து நல்லாத்தாண்ணா இருக்கு. கையை எடு, போட்டுடட்டுமா?"