டியூப்மேல் உட்காராதே மச்சான்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நானும் நிற்கிறவரைக்கும் சுகம். உன்னைப் போனில் கேட்டால் "எல்லாம் சரியாத்தான் இருக்கு மாமா" என்று வைத்துவிடுகிறாய். உன் வீட்டுக்காரி, எனக்குத் தங்கச்சி முறை, வேறு மாதிரி சொல்கிறாள். உனக்கு ரத்தம் போகிறதாம், யாருக்கும் தெரியாமல் துணியை நீயே துவைக்கிறாயாம். பிறந்ததிலிருந்து ஒரு கைக்குட்டை துவைக்காதவன் நீ. எனக்கு எழுத்து வராதென்பதால் மருமகள் எழுதுகிறாள். நான் நடந்துகொண்டே சொல்கிறேன். "ஒரு இடத்துல நில்லுங்க மாமா, எனக்குத் தலை சுத்துது" என்கிறாள்.

ஆற்றுப்பாலம் வெள்ளத்தில் போனதும், லாரி ஷெட்டுக்குக் கரண்ட் வந்ததும், உன் அக்காவை நான் கட்டியதும் ஒரே வருஷம். பாலம் போனதால் நாம் மலையைச் சுற்றி லாரி ஓட்டினோம். தண்ணீர் குடித்தால் வண்டியை நிறுத்த வேண்டுமே என்று குடிக்கவும் மாட்டோம். அந்த வருஷம்தான் ஷெட்டில் ஒவ்வொருத்தனாக ஒரு பக்கம் சாய்ந்து உட்கார ஆரம்பித்தான். யாரும் வாய் திறக்கவில்லை. ஷெட் மேஸ்திரிதான் ஸ்கூட்டர் டியூபில் காற்றடித்து சீட்டில் போட்டு, "இது எஞ்சின் சூடுடா, வேற ஒண்ணுமில்ல" என்றார். மறுநாள் எல்லார் சீட்டிலும் டியூப்.

அந்தப் பழக்கதோஷத்தில், போன மாதம் பின்னால் பட்டாணி அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டதும் டியூப் வாங்கி, மேலே துண்டைப் போட்டு மூடி, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். அன்றைக்கென்று மகனுடைய மேனேஜர் சாப்பிட வந்திருந்தார். தண்ணீர் ஜாடிக்குக் கை நீட்டினேன், வால்வு பிடுங்கிக்கொண்டு காற்று புர்ரென்று கிளம்பியது. மேனேஜர் மரியாதைக்காரர், தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தமோ நிற்கிற வழியாக இல்லை. நான் கொஞ்சம் கொஞ்சமாக மேஜைக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். மகன் "அப்பா, போதும்ப்பா" என்கிறான். என் கையிலா இருக்கிறது?

அப்புறம்தான் டாக்டரம்மாவிடம் போனது. இது வெளிமூலமாம். ஆசனவாய் ஓரத்து ரத்தக்குழாய் வீங்கி, உள்ளே ரத்தம் உறைந்தால் கட்டியாய் நின்று வலிக்குமாம். எஞ்சின் பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முக்கக் கூடாது, கக்கூஸில் ரேடியோ கேட்டுக்கொண்டு குந்தியிருக்கக் கூடாது, டியூபைத் தூக்கி எறிய வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரை அகலத் தொட்டியில் ஊற்றி அதில் உட்கார வேண்டும். கீரை, பழம், நிறையத் தண்ணீர். பெரும்பாலும் தானாக வற்றிவிடுமாம். "ஆனா ரத்தம் போனா மூலம்தான்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க, வந்து காட்டுங்க" என்றாராம். இதை உனக்காகத்தான் நடந்து நடந்து சொல்கிறேன். என்னைப் போல் தைரியமாகப் போய்க் காட்டு.

நீயும் தங்கச்சியும் நோகாமல் உட்கார்ந்து எழுந்து நெடுநாள் இருக்க என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் மாமா

பின்குறிப்பு: இதைச் சொல்லாவிட்டால் உறையை ஒட்டமாட்டேன் என்கிறாள் மருமகள். டாக்டரம்மாவிடம் போனது அவள். நான் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். "ஆளைப் பாக்காம நான் எப்படி உறுதியா சொல்றது, கூட்டிட்டு வாங்க" என்றாராம் டாக்டரம்மா. டியூபுக்கு மறுபடி காற்றடித்து வைத்திருக்கிறேன். நீ கிளம்பி வா, சேர்ந்தே போவோம், நீ முன்னால் போ. மேஸ்திரி கடைசிவரை எஞ்சின் சூடு என்றே சொல்லிப் போய்ச் சேர்ந்தார். ஷெட்டில் சுருட்டு என்று கூப்பிடுவோமே, அவன் போனான், கிளீனர் போனான், உன் அக்காவும் போய்விட்டாள். பாலம் போன வருஷம் என்று நான் சொன்னால், ஆமாம் என்று சொல்ல மிச்சம் இருப்பது நீ ஒருத்தன்தான் மச்சான்.