சொன்ன வெள்ளிக்கிழமை வந்த மாப்பிள்ளை

திருவண்ணாமலை,
வைகாசி, 2000.

அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் ஆதிமூலம் அவர்களுக்கு,

செங்கம் ரோட்டிலிருந்து கண்ணாயிரம் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கை உண்ணாமலையும் உங்கள் மருமகள் மதிவதனியும் உடம்பளவில் சுகம். வேலூரில் உங்கள் சுகத்துக்கும் அக்காவின் முழங்கால் வலி குறைந்த சேதிக்கும் எழுதவும். லாட்ஜிலும் குறையில்லை. குறையெல்லாம் என்னிடம்தான், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வருஷம் நீங்கள் பார்த்துக் கொண்டுவந்த வரன் அன்பரசனை நான் வேண்டாம் என்றது உங்களுக்கு மறந்திருக்காது. ஏன் என்று அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு ஜாதகம், கிரகம் என்று ஏதோ உளறினேன். ஜாதகத்தின்மேல் குற்றமில்லை மச்சான், எல்லாம் கம்ப்யூட்டரால் வந்தது. நம் லாட்ஜில் மாடி ஆபீசில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறதல்லவா, போனில் வரும் ரூம் புக்கிங்கையெல்லாம் மதி அதில்தான் ஏற்றுவாள். கீழே கவுண்டருக்குப் புதுசு ஒன்று வாங்கலாம் என்றபோது சென்னைக் கம்பெனியிலிருந்து டை கட்டிய ராமகிருஷ்ணன் வந்து, "சார், உங்க பழசும் எங்க புதுசும் நெட்வொர்க்ல கைகோத்துக்கும், அதுக்கு நான் கேரண்டி" என்று கவுண்டரில் அடித்துச் சொல்லிவிட்டுப் போனான். வந்து இறங்கிய புதுசோ பழசைக் கண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. போன் போட்டால் கேபிள் கோளாறு என்றார்கள். கேபிள்காரன் வந்து உள்ளே செருகியிருக்கும் நெட்வொர்க் கார்டு கோளாறு என்றான், கார்டு விற்றவன் உங்கள் பழைய மெஷினுக்கு இது ஒத்துவராது என்றான், பழசை விற்றவன் கடையைக் காலி செய்துகொண்டு போயே விட்டான். ராமகிருஷ்ணன் மட்டும் எப்போது கேட்டாலும், "வெள்ளிக்கிழமை ஆள் வருது சார்" என்றான். வாய் சர்க்கரை, கை கொக்கரை. எத்தனையோ வெள்ளிக்கிழமை வந்தது, ஆள் வரவில்லை. அதற்குள் மேலே ஒருவருக்கும் கீழே ஒருவருக்குமாக ஒரே ரூமைக் கொடுத்துவிட்டதில், மௌன விரதத்தில் இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் கட்டிலில் போளூர் கல்யாணக் கோஷ்டி சீர்வரிசைத் தட்டுகளை இறக்கி வைத்துவிட்டது. அந்த அம்மாள் என்னைத் திட்டுவதற்காகவே விரதத்தை முறித்தார்.

இந்தக் கொதிப்பில் நான் இருந்தபோதுதான் நீங்கள் அன்பரசனைப் பெண் பார்க்க அழைத்து வந்தீர்கள். பையன் கம்ப்யூட்டர் சர்வீஸில் இருக்கிறான் என்று நீங்கள் பெருமையாகச் சொன்னபோதே எனக்குள் ஏதோ சுருக்கென்றது. சூடு கண்ட பூனை நான். கேசரி முடிந்து காபி வருவதற்குள் மாப்பிள்ளையைக் கவுண்டருக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் மேசைக்கடியில் புகுந்துவிட்டார். பெண் எதிரே வந்து நின்றபோது மாப்பிள்ளையின் கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. மதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான் என்று உண்ணாமலை சொல்கிறாள். வெளியே வந்தவர், "பழசுக்குன்னு ஒரு கார்டு இருக்குங்க மாமா. தேடி எடுத்தாரணும். வெள்ளிக்கிழமை காலையில வந்து போட்டுத் தரேன்" என்றார். "அப்புறமும் மக்கர் பண்ணா?" என்றேன். "நான் பார்த்துக்கறேங்க" என்றார். எனக்கு ராமகிருஷ்ணனே எதிரில் நின்ற மாதிரி இருந்தது. இந்த வெள்ளிக்கிழமையும் வராவிட்டால் சம்பந்தம் இல்லை, ஒரு கார்டு விஷயத்தில் சொல் தவறுகிறவன் பெண்ணை எப்படிக் காப்பாற்றுவான் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வரவேண்டியவர் மத்தியானம் வரைக்கும் வரவில்லை. உங்களுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்களும் அவர் வீட்டில் சொல்லிவிட்டீர்கள். சாயங்காலம் செருப்பில் ஒரு விரல் புழுதியோடு, கார்டைக் கைக்குட்டையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு அன்பரசன் வாசலில் வந்து நிற்கிறார். அன்றைக்குச் சித்ரா பௌர்ணமி மச்சான்! கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அத்தனை தூரமும் கூட்டத்தில் இடிபட்டு நடந்தே வந்திருக்கிறார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ரூம் வாடகையை ஏற்றிப் பிழைக்கிறவன் நான். என் லாட்ஜ் பூராவும் அன்றைக்குப் பௌர்ணமிக்கு வந்த ஜனம். பஸ் உள்ளே வராது என்பது எனக்குத் தெரியாதா? உறைக்கவில்லையே! வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது என்பதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அவர் பாட்டுக்குக் கார்டைப் போட்டார், இரண்டு கம்ப்யூட்டரும் பேசிக்கொண்டன, மதி பரிமாறச் சாப்பிட்டார், "வரேங்க மாமா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். வீட்டுக்குப் போய்த்தான் சேதி தெரிந்திருக்கும்.

அன்றைக்குப் போட்ட கார்டு இதுவரை ஒரு தடவைகூடத் தகராறு செய்யவில்லை. அதற்குப்பின் வந்த வரன்களுக்கெல்லாம் மதி, "உங்க இஷ்டம்பா" என்கிறாள். அவள் இஷ்டம் எதுவென்று எனக்குத் தெரியும். ஆகையால் மச்சான், தயவுசெய்து பழம் பாக்கு வெற்றிலையோடு அவர் வீட்டுக்குப் போய், தப்பு முழுக்கக் கண்ணாயிரத்துடையது என்று சொல்லி, பேச்சை மறுபடி எடுங்கள். அவர்கள் திட்டினால் என் பங்குக்கும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு எங்கள் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி. அண்ணாமலையார் உங்கள் வீட்டு விளக்கை என்றும் அணையாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
கண்ணாயிரம்.

பின்குறிப்பு: அவர் வீட்டுக்குப் போகவேண்டாம் மச்சான். உறையில் தபால்தலை ஒட்டிவிட்ட தோஷத்துக்காகத்தான் இதை அனுப்புகிறேன். ஒட்டும்போது மதி வந்து யாருக்கு என்று கேட்டாள், சொன்னேன். "அவரு மாசா மாசம் போன் பண்ணுவாருப்பா. மெஷின் ஓடுதான்னு கேப்பாரு. ஓடுதுங்கன்னு சொல்வேன், வெச்சிடுவாரு" என்றாள். வேறு ஒன்றும் பேசமாட்டாரா என்றேன். "முந்தாநாள் பேசினாரு. அவருக்கு ஆனியில கல்யாணமாம். இனிமே கூப்பிட்டா நல்லா இருக்காதுன்னாரு." நீ என்னம்மா சொன்னாய் என்று கேட்டேன்.

"மெஷின் ஓடலைங்கன்னு சொல்லிடலாமான்னு நெனச்சேம்பா" என்றாள்.