ஹில்டா போட்ட கோல்கள்

கணவர் கையில் சுற்றியிருந்த ரத்த அழுத்தக் கருவியை ஹில்டா தட்டிப் பார்த்தாள். எண் இறங்கவில்லை. போன வாரத்தைவிட ஏறித்தான் இருந்தது. மறுபடி தட்டினாள், அதே எண்.

பயப்படாமல் என்ன செய்வாள்? சிறுநீரகக் கல்லைத் தேடி எடுத்த ஸ்கேனில் வேறு பூதம் அல்லவா கிளம்பியிருந்தது. அவள் கணவர் நோரிஸின் வயிற்றிலுள்ள பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் பலூன் மாதிரி உப்பியிருந்தது. சின்ன உப்பல்தான், இப்போதைக்குக் கத்தி வேண்டாம், கவனித்துக்கொண்டே வருவோம் என்றார் டாக்டர். சிகரெட்டை விட வேண்டும். ரத்த அழுத்தம் ஏறக் கூடாது. ஏறினால் உப்பல் பெரிதாகலாம். பெருத்தால் அறுவைதான்.

சிகரெட்டை நோரிஸ் அன்றைக்கே விட்டுவிட்டார். மிச்சம் இருந்தது கால்பந்து. ஊரில் இரண்டு அணிகள், சிவப்பும் நீலமும். ஹில்டாவின் அப்பா சாகும்வரை சிவப்புக்குத் தொண்டை கிழியக் கத்தியவர். கல்யாணமான நாளிலிருந்து நோரிஸும் சிவப்பு மப்ளரைச் சுற்றிக்கொண்டு மாமனார் பக்கத்தில் நின்றார். அந்தப் பாழாய்ப்போன அணிக்கோ இந்த வருடம் தோற்பதே பிழைப்பாக இருந்தது. தெரிந்தால் மனுஷன் தாங்குவாரா?

ஹில்டா பேப்பரை நிறுத்தினாள். ரேடியோவைப் பரணில் ஏற்றினாள். மூச்சு விட்டால் தொலைத்துவிடுவேன் என்று பக்கத்து வீட்டு க்ளிஃபோர்டை மிரட்டி வைத்தாள். சனிக்கிழமை சாயங்காலம் தேநீரோடு வந்து, "நாமதாங்க ஜெயிச்சோம், ஒரு கோல்ல" என்றாள்.

"அப்படியா" என்றார் நோரிஸ். கையிலிருந்த கோப்பை கிடுகிடுவென ஆடியது. சந்தோஷத்தில் கை நடுங்குகிறது என்று அவள் உருகிப்போனாள்.

அழுத்தம் ஏறியது. ஒரு கோல் பற்றவில்லை போலிருக்கிறது என்று அடுத்த வாரம் மூன்றாக்கினாள். இன்னும் ஏறியது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், இவள் கோலைக் கூட்டினாள்.

சிவப்பும் நீலமும் மோதுகிற நாளும் வந்தது. நிஜத்தில் நீலம் சிவப்பைத் துவைத்துக் காயப்போட்டிருந்தது. ஹில்டா துணிந்துவிட்டாள்.

"நீலக்காரனுங்களுக்கு நாம அஞ்சு கோல் போட்டோம். அழுதுக்கிட்டே போனானுங்களாம்."

நோரிஸின் முகம் பீட்ரூட்டாகிவிட்டது. எழ முயன்றவர் அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் உப்பல் அப்படியேதான் இருக்கிறது என்றார்கள். ஆனால் அழுத்தம் இப்படியே எகிறினால் கத்திக்கு நாள் குறிக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர். பதறியடித்து வந்த நோரிஸின் தங்கை வின்னியிடம் ஹில்டா எல்லாவற்றையும் கொட்டி அழுதாள். இத்தனை நல்ல சேதி சொல்லியும் ஏன் இறங்கவில்லை என்று விசும்பினாள்.

வின்னி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணி, நீலக்காரனுக்குப் பொண்ணு தரமாட்டேன்னு உங்கப்பா சொன்னதுக்காகத்தான் எங்கண்ணன் அந்தச் சிவப்பு மப்ளரையே வாங்குனாரு."